கணவாய்க்கு அந்தப் பக்கம் ரமாபாய்

திருவொற்றியூர்
11 பிப்ரவரி 2024

ரமாவுக்கு,

ஜெய்பீம். பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ரேகா நன்றாக இருக்கிறாள். மதி கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் பிறந்தநாளுக்கு நீ வருஷா வருஷம் அனுப்பும் அட்டையின் பின்பக்கத்திலிருந்துதான் உன் முகவரியை எடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன்.

போன் நம்பரும் அதில் இருந்தது. போட மனசு வரவில்லை. கடைசியாக நாம் பேசியது மூன்று நிமிஷம். அதில் இரண்டு நிமிஷம் நான்தான் கத்தினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் செப்டம்பரில் நானும், காட்டுப்பள்ளி கப்பல் யார்டில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பேரும் இமயமலையில் 'பின் பார்வதி' என்ற கணவாயைக் கடக்கப் போகிறோம். காலித் கிரேன் ஆபரேட்டர். பொன்ராஜ் வெல்டர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். மூன்று பேரும் வெள்ளியங்கிரி ஏழு மலையும் மூன்று தடவை ஏறியிருக்கிறோம், அகத்தியர் மலை ஒரு தடவை. குலு பக்கம் பார்ஷேனியில் நடக்க ஆரம்பித்து, பதினேழாயிரத்து நானூறு அடி உயரத்தில் கணவாயைத் தாண்டி, ஸ்பிதி பக்கம் இறங்குவதாகத் திட்டம்.

நீ அங்கே கைடு வேலை செய்கிறவள் என்பதால் மூன்று கேள்வி மட்டும் கேட்கிறேன். செப்டம்பரில் மேலே பனி எவ்வளவு இருக்கும்? எந்த மாதிரி ஷூ வாங்க வேண்டும்? ஆறுகளை இறங்கிக் கடக்க முடியுமா?

நாங்கள் கைடு வைக்கப் போவதில்லை. அது உன்னைப் பற்றிய விஷயம் இல்லை. எங்களுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

குணசேகரன்


மூத் கிராமம், ஸ்பிதி
9 மார்ச் 2024

அண்ணா,

ஜெய்பீம். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பனியில் சாலை மூடிக்கொண்டதால் தபாலெல்லாம் கீழேயே தேங்கிக் கிடந்தது. தபால்காரர் இடுப்பளவு பனியில் நடந்து வந்து கொடுத்தார். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் பிரித்தேன். யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். முதல் வரியிலேயே இல்லை என்று எழுதியதற்கு நன்றி.

மதி இரண்டாம் வருஷமா? கடைசியாக நான் பார்த்தபோது முன்பல் விழுந்திருந்தது.

உன் கேள்விகளுக்குப் பதில். செப்டம்பர் முதல் பாதியில் கணவாய்க்கு மேற்கே ஒரு பெரிய பனியாறு இருக்கும். அதன் மேல் மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். எவ்வளவு பனி என்பதை அந்த வாரம்தான் சொல்ல முடியும். ஷூ கணுக்கால் வரை மூட வேண்டும், உன் அளவைவிட ஒரு எண் பெரிதாக வாங்கு, வாங்கிய நாளிலிருந்து போட்டு நட. ஆறுகளைக் காலை எட்டு மணிக்கு முன்னால் கடந்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் முழங்காலுக்கு இருந்த தண்ணீர் மதியம் இடுப்புக்கு வந்துவிடும்.

நீ கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறேன். கைடு இல்லாமல் வராதே.

வெள்ளியங்கிரியின் உச்சியில் நீ மூச்சு விட்ட காற்று வேறு. இங்கே கணவாயில் கடற்கரைக் காற்றில் பாதிதான் கிடைக்கும். இமயமலையில் முதல் தடவை வருகிறவர்களுக்கு எத்தனையோ நல்ல பாதைகள் இருக்கின்றன. நாற்பத்தொன்பது வயதில் இந்தப் பாதையை ஏன் பிடித்தாய்? அதை மட்டும் எனக்குச் சொல்.

ரேகா அண்ணிக்கு என் அன்பு.

ரமா


திருவொற்றியூர்
31 மார்ச் 2024

ரமாவுக்கு,

பதிலுக்கு நன்றி. ஷூ வாங்கிவிட்டேன். யார்டில் பாதுகாப்பு ஷூவைக் கழற்றியதும் அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன். கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

நாங்கள் ஏதோ விளையாட்டாகக் கிளம்புவதாக நினைக்காதே. தினமும் காலை ஐந்தரைக்கு எங்கள் குடியிருப்பின் ஐந்து மாடியையும் பதினைந்து கிலோ மணல் மூட்டையோடு இருபது தடவை ஏறி இறங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் எண்ணூர் வரை நடந்து போய்த் திரும்புகிறோம். போனில் முழுப் பாதையும் இறக்கி வைத்திருக்கிறேன். நெட் இல்லாமலே வேலை செய்யும். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று நீலப் புள்ளி காட்டும். முன்னால் போனவர்கள் நடந்த தடம் சிவப்புக் கோடாக இருக்கிறது. கோட்டின் மேலே நடந்தால் முடிந்தது.

இருபத்தாறு வருஷமாக ரிக்கர் வேலை பார்க்கிறேன். நூற்று நாற்பது அடி உயரத்தில், கடற்காற்று அடிக்கும்போது, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கொக்கி மாட்டுகிறவன் நான். என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக ஆள் வேண்டுமா? காற்று குறைவு என்று பயமுறுத்துகிறாய். மணலி ஆலைக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த நுரையீரல் இது, உன்னுடையதைப் போலத்தான்.

ஏன் இந்தப் பாதை என்று கேட்காதே. நீ அன்றைக்குக் கிளம்பியபோது யாரிடம் காரணம் சொன்னாய்? ராயபுரத்தில் கப்பல் கம்பெனி ஆபீஸ் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, எங்களுக்குக் கடைசியில்தானே சொன்னாய்?

குணசேகரன்


மூத்
22 ஏப்ரல் 2024

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். உடனே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஆமாம், கடைசியில்தான் சொன்னேன். சொன்னதும் என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நைனாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். வியாசர்பாடி வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். "நைனா ஹார்பர்ல மூட்ட தூக்கி முதுகு ஒடிஞ்சி செத்துச்சு. நாம தூக்கக் கூடாதுன்னுதான் ஒன்ன படிக்க வெச்சுது. நீ இன்னான்னா மலைல போய் எவனுக்கோ மூட்ட தூக்கப் போறேன்ற" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போய்விட்டேன். பதில் இல்லாமல் போகவில்லை. அழாமல் சொல்ல முடியாது என்பதால் போனேன்.

அது இருக்கட்டும். உன் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்கு பேர் கைடு இல்லாமல் இதே பாதையில் வந்தார்கள். நல்ல உடம்பு, நல்ல ஷூ, போனில் கோடு. அந்தக் கோடு அதற்கு முந்தைய வருஷம் யாரோ நடந்தது. பனியாறு ஓரிடத்தில் நிற்காது, அண்ணா. அது நகரும். போன வருஷம் தரையாக இருந்த இடத்தில் இந்த வருஷம் பிளவு இருக்கும், மேலே ஒரு முழப் பனி மூடியிருக்கும். பார்த்தால் தெரியாது. முன்னால் போனவன் கோட்டின் மேலேயே கால் வைத்தான், உள்ளே போய்விட்டான்.

ஒருவன் ஓடி இறங்கி எங்கள் கைடு முகாமுக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. நாங்கள் நான்கு பேர் போனோம். பிளவு குறுகலாக இருந்தது. கூட வந்த ஆண்கள் யாருக்கும் தோள் நுழையவில்லை. நான்தான் கயிற்றில் இறங்கினேன். அறுபது அடி. அங்கே பனி நீல நிறத்தில் இருக்கும். அவன் இரண்டு பனிச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, தன் அம்மா பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். இடுப்பில் கயிற்றைக் கட்டி அவனை மேலே அனுப்பிவிட்டு, திரும்பக் கயிறு வரும்வரை நான் கீழே இருந்தேன். பிழைத்துவிட்டான். ஒரு கையில் மூன்று விரல்கள் இல்லை.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. நீ பயப்படுகிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்துகிறேன். நான் காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோது நீ வேறொரு கம்பெனியில் இருந்தாய். சிக்னல்மேன் வரவில்லை, பரவாயில்லை, தூக்கு என்று மேனேஜர் சொன்னார். நீ கிரேனுக்குக் கீழே போய் நின்றுகொண்டு, "என் தலமேல தூக்கு, அப்பறம் பாக்கலாம்" என்றாய். மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று நாளும் நான் காலேஜில் எல்லாரிடமும் அதைச் சொல்லித் திரிந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

கிரேன் ஆபரேட்டருக்குக் கண் இல்லையா? கை நடுங்குகிறதா? பிறகு எதற்குச் சிக்னல்மேன்? அவன் நிற்கும் இடத்திலிருந்து தெரிவது ஆபரேட்டருக்குத் தெரியாது என்பதால்தானே? கைடும் அதற்குத்தான்.

ரமா


திருவொற்றியூர்
19 மே 2024

ரமா,

உன் கடிதத்தை கேன்டீனில் வைத்துக் காலித்துக்கும் பொன்ராஜுக்கும் படித்துக் காட்டினேன். நினைவு நாள் பகுதியை விட்டுவிட்டுத்தான் படித்தேன். அறுபது அடி என்ற இடம் வந்ததும் பக்கத்து மேசைக்காரர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

காலித்தான் முதலில் வாயைத் திறந்தான். "இன்னா மாமு, ஒன் தங்கச்சி கவுத்துல எறங்கி ஆள மேல அனுப்பிட்டு, தான் பனிக்குள்ள நின்னுகினு இருந்துகீது. நீ இன்னான்னா போன்ல கோடு பாத்துகினே போயிடலாம்ன்ற?"

"அது வேற, இது வேற" என்றேன்.

"இன்னா வேற? சிக்னல்மேன் இல்லாம நான் லிவரத் தொட்டா நீ என்ன வுடுவியா? கேபினாண்ட ஏறி வந்து அறைவ."

பொன்ராஜ் மெதுவாகப் பேசுகிறவன். "அண்ணாச்சி, எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள் இருக்கு. கைடு இருந்தா நான் வாரேன். இல்லாட்டி நீங்க போயிட்டு வாங்க, நான் ஸ்டேஷன்ல வந்து வழியனுப்புதேன்" என்றான்.

கைடு வைக்கிறோம். உனக்குத் தெரிந்த நல்ல ஆளாகச் சொல். அவர் சொன்னால் கேட்பேன் என்று எழுதிக் கொடுக்கிறேன், போதுமா?

ஆனால் ஒன்று. நீ வேண்டாம். நீ எங்களுக்குக் கைடாக வரக்கூடாது. ஏன் என்று இப்போது கேட்காதே.

அந்த மூன்று நாள் விஷயத்தை நீ காலேஜில் சொன்னது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அந்த மூன்று நாளும் நான் முட்டாள்தனம் செய்துவிட்டேனோ என்று வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

அண்ணன்


மூத்
24 ஜூன் 2024

அண்ணா,

நான் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி. என் சம்பளத்தைக் கொடுத்து என்னைக் கூட்டிப்போக முன்பின் தெரியாதவர்கள் ஆறு மாதம் காத்திருக்கிறார்கள். நீ வேண்டாம் என்கிறாய். சரி.

தோர்ஜே என்பவரை உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கணவாயை நாற்பது தடவைக்கு மேல் கடந்தவர். பிளவில் நான் இறங்கிய அன்று மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர். அதிகம் பேச மாட்டார். தமிழ் வராது, உன் யார்டு இந்தி அவருக்குப் போதும். அவர் தம்பி சுமைக்கும் சமையலுக்கும் வருவார். செப்டம்பர் 3-ஆம் தேதி பார்ஷேனியில் உங்களுக்காக நிற்பார்.

சில விஷயங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள். தலைவலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். வீரன் மாதிரி மறைக்கிறவன்தான் மலையில் சாகிறான். தண்ணீர் நாலு லிட்டராவது குடி. பீடியை இன்றோடு நிறுத்து, நீ இன்னும் விடவில்லை என்று எனக்குத் தெரியும். தோர்ஜே திரும்பு என்றால் திரும்ப வேண்டும். கணவாய் கண்ணெதிரே இருந்தாலும் சரி. அங்கே பேரம் பேசாதே.

சீசன் தொடங்கிவிட்டது. செப்டம்பர் வரை நான் மலையில்தான் இருப்பேன், எழுத முடியாது.

ரமா


திருவொற்றியூர்
20 ஆகஸ்ட் 2024

ரமா,

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறோம். பீடியை விட்டு நாற்பத்தேழு நாள் ஆகிறது. ரேகா உனக்குக் கோயில் கட்டுவதாகச் சொல்கிறாள்.

உன் போன கடிதத்தில் கோபம் இருந்தது. நியாயம்தான். நீ மலையில் இருப்பாய், இது கைக்கு வருவதற்குள் நாங்கள் வந்து சேர்ந்துவிட்டாலும் விடுவோம். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் இந்தப் பாதை என்று கேட்டாய். போன வருஷம் மதி போனில் உங்கள் ஊர் வரைபடத்தைக் காட்டினாள். "அத்த வூடு இங்க கீதுப்பா" என்று கடைசி ஊரைத் தொட்டாள். அந்த ஊரிலிருந்து மேற்கே ஒரு புள்ளிக்கோடு மலையைத் தாண்டிப் போனது. அது என்ன என்று கேட்டேன். நடந்து போகிற வழி என்றாள். அன்றிலிருந்து வேறெதுவும் மனதில் ஓடவில்லை. அவ்வளவு பேர் முன்னால் உன்னை அப்படிப் பேசியவன் ஏதோ ஒரு ஜீப்பில் வந்து இறங்கி, சௌக்கியமா என்று கேட்டுவிட முடியுமா? நீ தினமும் நடக்கும் இடத்தில் நடந்து, நீ தூக்கும் எடையைத் தூக்கி, அந்த மலையின் மேலாகவே உன் வாசலுக்கு வரவேண்டும் என்று தோன்றியது.

நீ கைடாக வந்தால் நீதான் என்னைக் கூட்டி வந்தாய் என்று ஆகிவிடும். நான் வந்தேன் என்று ஆகாது. அதனால்தான் வேண்டாம் என்றேன். வேறொன்றும் இல்லை.

கணவாயை 12-ஆம் தேதி தாண்டுகிறோம். 14-ஆம் தேதி மூத் வந்துவிடுவோம்.

அண்ணன்


குலு
17 செப்டம்பர் 2024

ரமா,

நாங்கள் திரும்பிவிட்டோம் என்று தோர்ஜே உனக்குச் சொல்லி அனுப்பியிருப்பார். முழுவதையும் நானே சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலித் நன்றாக இருக்கிறான். இப்போதுதான் பிரியாணி கேட்டான்.

எட்டு நாள் எல்லாம் சரியாக நடந்தது. ஆற்றின் குறுக்கே கிடக்கும் அந்தப் பெரிய பாறைகளைத் தாண்டினோம். மந்தாலை ஏரிக்கரையில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினோம். தோர்ஜே எங்களை அவ்வளவு மெதுவாக நடத்தினார், பொன்ராஜ் அவருக்கு மாட்டுவண்டி என்று பெயர் வைத்தான். 11-ஆம் தேதி கணவாய்க்குக் கீழே கடைசி முகாமுக்கு வந்து சேர்ந்தோம். பனியாறு எதிரே இருந்தது. கணவாய் மேலே ஒரு சின்னப் பள்ளம் மாதிரித் தெரிந்தது.

12-ஆம் தேதி காலை ஐந்தரைக்கு எழுந்தோம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. காலித் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முடிச்சே போடத் தெரியவில்லை அவனுக்கு. இருபது வருஷமாக முடிச்சோடு வாழ்கிறவன். "இன்னாடா?" என்றேன். "ஷிஃப்ட்டுக்கு லேட்டாய்ச்சு மாமு" என்றான்.

தோர்ஜே அவனை எழுப்பி, தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலும் விரலும் தொடும்படி நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் விழுந்தான். இரண்டு நாளாகத் தலைவலியை மறைத்திருக்கிறான். மூளையில் நீர் கோத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறது, இப்போதே இறக்கியாக வேண்டும் என்றார் தோர்ஜே. மாத்திரை ஒன்று கொடுத்தார்.

நடந்ததை உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். தோர்ஜேயும் தம்பியும் சேர்ந்தால் அவனை எப்படியாவது இறக்கிவிடுவார்கள். கணவாய் நாலு மணி நேரத் தூரம். முந்தின நாள் போனவர்களின் கால்தடம் பனியில் தெளிவாகத் தெரிந்தது. எனக்கும் பொன்ராஜுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. பொன்ராஜ் என் முகத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க போவோம்னா நானும் வாரேன்" என்றான். கைடு இல்லாவிட்டால் ஸ்டேஷனோடு நின்றுகொள்வேன் என்று சொன்ன அதே பொன்ராஜ். காலித்துக்கு அந்த நிலைமையிலும் ஏதோ புரிந்திருக்கிறது. "நீ போ மாமு. தங்கச்சி காத்துகினு இருக்கும்" என்றான்.

ஐந்து நிமிஷம் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம் நின்றேன் என்பதுதான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிறகு என் பையைக் காலி செய்தேன். நடைக்கம்பு இரண்டை எடுத்து, கயிற்றால் யார்டில் மோட்டார் தூக்கக் கட்டுவது போல ஒரு உட்காரும் கட்டு கட்டி, காலித்தை முதுகில் ஏற்றிக்கொண்டேன். தோர்ஜே அந்த முடிச்சுகளைக் கையால் இழுத்துப் பார்த்தார், என் தோளைத் தட்டினார். நாலு பேரும் மாற்றி மாற்றித் தூக்கினோம். உருளும் கற்களின் மேல் நான் அடி அடியாக இறங்க, தோர்ஜே கயிற்றால் என்னைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார். ஏரிக்கரைக்கு வந்தபோது மாலை நாலு மணி. அங்கே காலித் தேநீர் குடித்துவிட்டு, "நான் ஏன் மாமு ஒம் முதுகுல கீறேன்?" என்றான். நான் உட்கார்ந்து அழுதேன், ரமா.

அப்போதுதான் நைனாவை நினைத்தேன். நைனா முதுகில் ஏற்றியது என்ன மூட்டை என்று நைனாவுக்கே தெரியாது. அதைக் கேட்கிற உரிமையும் இல்லை. நீ எதைத் தூக்க வேண்டும், யாரைத் தூக்க வேண்டும் என்று நீயே முடிவு செய்தாய். இரண்டையும் ஒன்று என்று நினைத்து, பத்துப் பேர் முன்னால் உன்னைப் பேசினேன். தப்பு என்னுடையது. அதை உன் வாசலில் நின்று சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். முடியவில்லை.

அண்ணன்


மூத்
1 அக்டோபர் 2024

அண்ணா,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன.

நான் ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. கணவாயை என்றைக்குத் தாண்டுகிறீர்கள் என்று தோர்ஜேயிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். கைடாகத்தானே வரக்கூடாது, எதிரே வந்து நிற்கலாமே என்று 12-ஆம் தேதி தோர்ஜேயின் தங்கையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கத்துக் கடைசி முகாமிலிருந்து விடியுமுன் ஏறினேன். ஒன்பது மணிக்கெல்லாம் கணவாயில் இருந்தேன். வெல்லம் போட்ட கடுங்காப்பி ஒரு ஃபிளாஸ்க், ஆறு முட்டை. உனக்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

பத்து மணி, பதினொன்று. பனியாற்றில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. பன்னிரண்டுக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. இரண்டு பேரும் கயிற்றைக் கட்டிக்கொண்டு உங்கள் முகாமுக்கு இறங்கினோம். யாரும் இல்லை. ஒரு கல்லுக்கு அடியில் தோர்ஜே சீட்டு வைத்திருந்தார். ஒருவருக்கு உடம்பு சரியில்லை, எல்லாரும் இறங்குகிறோம் என்று மட்டும் இருந்தது. யார் என்று இல்லை.

நீதான் என்று நினைத்தேன். நாற்பத்தொன்பது வயது, இருபத்தைந்து வருஷப் பீடி. உன்னை வரவிட்டேனே என்று நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் நின்றேன். பிறகு ஈர மண்ணில் கால்தடங்களைப் பார்த்தேன். ஒரு தடம் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகப் பதிந்திருந்தது. யாரையோ சுமந்துகொண்டு போனவனின் தடம். உன்னைப் போலவே வலது கால் வெளிப்பக்கம் திரும்பி இருந்தது. சுமந்தவன் நீ என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கூடவே பெருமையும் வந்தது. இந்தக் கணவாயைப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். மேகம் வந்து திரும்பியவர்கள் உண்டு, காலொடிந்து திரும்பியவர்கள் உண்டு. வானம் தெளிந்திருக்க, தன் உடம்பு நன்றாக இருக்க, நாலு மணி நேரத் தூரத்தில் கணவாயை வைத்துக்கொண்டு, முழு மனதோடு திரும்பியவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதில் ஒருவன் என் அண்ணன். ஐந்து நிமிஷம் நின்றதற்கு வெட்கப்படாதே. நான் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். நீ கட்டிய அந்தக் கட்டைத் தோர்ஜே இங்கே எல்லாக் கைடுகளுக்கும் கட்டிக் காட்டுகிறார். ஒரு முடிச்சு மட்டும் அவருக்கு வரவில்லை.

நைனாவைப் பற்றி எழுதியதைப் பலமுறை படித்தேன். அந்தப் பக்கத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்லட்டுமா? என் ஊருக்கு பஸ் வருகிறது, அண்ணா. காசாவிலிருந்து தினமும் ஒன்று. நவம்பரில் பனி வந்து சாலையை மூடும்வரை ஓடும்.

ரமா


காசா பஸ் நிலையம்
21 அக்டோபர் 2024

ரமா,

பஸ் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் வருவதற்குத்தான் மலையேறுவதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.

இதைத் தபாலில் போடவில்லை. உன் கையில் கொடுப்பேன், நான் அந்தப் பக்கம் போனதும் பிரித்துப் படி. நேரில் எனக்கு வாய் வராது.

பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். ஓர் அம்மா எங்கே போகிறாய் என்று கேட்டார். மூத் என்றேன். இந்த நேரத்தில் அங்கே யார் வீட்டுக்கு என்றார். ரமாபாய் வீட்டுக்கு என்றேன்.

"ரமா தீதி வீட்டுக்கா?" என்று அவர் சத்தமாகக் கேட்டதும் முன்னால் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். நீ இங்கே எல்லாருக்கும் அக்கா போலிருக்கிறது, ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பனியில் மாட்டிக்கொண்ட ஆட்டுக்காரரை நீ தேடிப் பிடித்ததை ஒருவர் சொன்னார். ஓர் இளம்பெண், தனக்குப் பிரசவ வலி வந்த அன்று சாலை மூடியிருந்ததாகவும், ஸ்டிரெச்சரின் முன்பக்கத்தை நீ பதினெட்டு கிலோமீட்டர் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவே இல்லை என்றும் சொல்லி, மடியில் இருந்த குழந்தையைக் காட்டினாள். இதையெல்லாம் நீ எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

நான் உனக்கு யார் என்று அந்த அம்மா கேட்டார். அண்ணன் என்றேன். அவர் என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, மூக்கு அப்படியே இருக்கிறது என்றார். இரண்டு பேர் எழுந்து ஜன்னலோரம் எனக்கு இடம் விட்டார்கள். ஒருவர் பையிலிருந்து ஆப்பிள் எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு மரியாதை எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை, ரமா. அதில் ஒரு துளிகூட நான் சம்பாதித்தது இல்லை. வெட்கத்தோடும் சந்தோஷத்தோடும் வாங்கிக்கொண்டேன்.

பஸ் கிளம்பிவிட்டது, எழுத்து குலுங்குகிறது. டிரைவர் ஒவ்வொரு ஊரிலும் வண்டியை நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ரமா தீதியோட அண்ணன் வந்திருக்கார்" என்று கத்துகிறார். இதோடு மூன்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பையில் பட்டாணியும் இன்னொரு பையில் வெண்ணெயும் என் மடிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. உன் ஊர் அடுத்தது என்கிறார்கள். இதற்குள் உனக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அண்ணன்